ஒப்புக்குறியும் கருத்துரையும்

இற்றை நாளில் ஆண்டுவிழா அழைப்பிதழ் எழுதுவதாயினும், பொதுத்தேர்வுக்கு முன்னோட்ட வினாத்தாள் அமைப்பதாயினும், ஒரு கழகத்திற்கு விதிமுறை வகுப்பதாயினும், நால்வர் ஓரறையிற் கூடியமர்ந்து எழுதும் வழக்கம் அருகிவிட்டது. எழுதப் புகுந்தவர் தம் வீட்டிலிருந்தே கணினித் திரையில் ஒரு தாளை விரிக்கிறார். அதற்குரிய இணைப்பைப் புலனத்தில் விடுக்கிறார். மற்றையோர் தத்தம் ஊரிலிருந்தவாறே அத்தாளைத் திறந்து, ஒருவர் திருத்துவதை மற்றவர் அந்நொடியே காணுமாறு எழுதுகின்றனர். இதனைக் கூட்டு மின்னாவணம் என்போம். ரைட்லி என்னும் எழுதுகருவியை 2006ஆம் ஆண்டிற் கூகுள் நிறுவனம் விலைக்கு வாங்கித் தன்னதாக்கிய பின்னரே இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று. இன்று வேறு பல நிறுவனங்களும் இதனைச் செய்து தருகின்றன.

இக்கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. மெழுகுத்தாளில் எழுதி உருளச்சிட்ட படிகளைப் பன்னிருவர்க்கு அஞ்சலில் விடுத்து, ஒரு திங்கள் காத்திருந்து, அவற்றுள் ஐந்து மட்டுமே திரும்பிவரக் கண்டோர் நம்மிடையே இன்னும் உளர். மாலைக் கூட்டங்களுக்கு வரவியலாத பெண்ணாசிரியர்க்கும், பேருந்து இரண்டு மாறி வரவேண்டிய சிற்றூர் ஆசிரியர்க்கும் இக்கூட்டு ஆவணம் அவையில் ஓர் இருக்கையைத் தந்துள்ளது. யார் எதனை எந்நாளில் மாற்றினார் என்பதும் அதிற் பதிவாகி நிற்கின்றது. இவையெல்லாம் பெரும்பேறே. நாம் ஐயுறுவது இதனுள் அண்மையிற் புகுந்த வேறொன்றனை.

ஆவணத்தில் ஒரு தொடரைச் சுட்டி, ‘இஃது எப்படி?’ என ஒருவர் வினவினால், முன்னெல்லாம் நாம் இரண்டு வரியேனும் எழுதியாக வேண்டும். இன்றோ, உயர்த்திய பெருவிரல் ஒன்றை அழுத்தினாற் போதும்! கூகுள் ஆவணங்களின் ஓரக்குறிப்புகளுக்கு இவ்வாறு முகக்குறி இடும் ஏந்து 2022ஆம் ஆண்டில் வந்தது. பின்னர்த் தாளின் உள்ளேயே, சொல்லுக்கு அருகிலேயே, ஓர் ஒப்புக்குறியை நட்டு, அழுத்தினோர் எத்துணையர் என்னும் எண்ணை அங்கேயே காட்டும் ஏந்தும் வந்துசேர்ந்தது. குழுவின் கருத்தை நொடியிற் பெறலாம் என்று இதனைப் புகழ்கின்றனர். நொடியிற் பெறுவது யாது என்பதே நம் வினா.

சிலவற்றுக்கு இக்குறி மிகப் பொருந்தும். அடுத்த கூட்டம் காரிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா, உணவு பொட்டலமா பந்தியா, அட்டை பச்சையா நீலமா என்றாற்போன்றவற்றுக்கு விரலே போதும். காரிக்கிழமை எனக்கு ஒழியாது என்பதற்கு நான் கரணியம் எழுத வேண்டுவதில்லை. அஃது என் நாட்குறிப்பைப் பற்றிய செய்தி. அதனை அறிந்தவன் நான் ஒருவனே. ஆனால், ‘இச்சொல் இப்பொருளுக்குப் பொருந்துமா?’, ‘இவ்வினா மாணாக்கர்க்குக் குழப்பம் தருமா?’, ‘இவ்விதியால் எவர்க்கேனும் இழப்பு நேருமா?’ என்னும் வினாக்கள் வேறு இனத்தன. இவற்றில் எத்துணைப் பேர் இசைந்தனர் என்பதினும், இசையாத ஒருவர் எதனைக் கண்டு இசையவில்லை என்பதே நமக்கு வேண்டுவது. அதனைச் சொல்லும் வாயைத்தான் அப்பெருவிரல் அடைத்துவிடுகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். எம் வட்டாரத்து ஆசிரியர் பன்னிருவர் கூடி, மேனிலை மாணாக்கர்க்கென அறிவியற் கலைச்சொற் சிறுநூல் ஒன்று தொகுத்தனர். யானும் அவருள் ஒருவன். பணிநிறைவு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் குழுவுக்குத் தலைவர், நற்பண்பினர், எவரையும் கடிந்து பேசாதவர். ஆங்கிலத்து ‘ஃபீட்பேக்’ என்னும் சொல்லுக்கு நேராகப் பின்னூட்டம், மறுமொழி, கருத்துரை என்னும் மூன்றும் ஆவணத்தில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றன் அருகிலும் ஓர் ஒப்புக்குறி. முதற் பெருவிரல் தலைவருடையது. பின்னூட்டத்தின் மேல் விழுந்தது. கால் மணி நேரத்திற்குள் அதன் அருகில் 9 என்னும் எண் வந்து நின்றது. யான் குறி எதுவும் இடாது, ஓரத்தில் ‘கரணியம் யாது?’ என எழுதினேன். அதற்கு ஒருவர் நகைமுகக் குறி ஒன்றை இட்டுச் சென்றார். எதற்கு நகைத்தார் என்பது இன்றளவும் எமக்கு விளங்கவில்லை. சொல் உறுதியாயிற்று, நூலும் அச்சேறிற்று.

நூல் வெளிவந்த கிழமையில், குழுவில் இருந்த இளம் இயற்பியலாசிரியை ஒருவர் கைப்பேசியில் அழைத்தார். “ஐயா, மின்பெருக்கியில் வெளிவருவதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் உள்வாயிலில் ஊட்டுகிறோம். அங்கே ஊட்டம் என்பது மெய்யாகவே ஊட்டந்தான். ஆனால், மாணவி ஒருத்தியின் கட்டுரையைப் படித்து நான் சொல்லும் கருத்தில் ஊட்டுவது எங்கே இருக்கிறது? ஒரு சொல்லை இரண்டுக்கும் போட்டுவிட்டோமே!” என்றார். “இதனை ஏன் அம்மா தாளில் எழுதவில்லை?” என்று வினவினேன். “நான் திறந்தபோதே ஒன்பது பேர் பெயரும் தெரிந்தது, ஐயா. முதற்பெயர் தலைவருடையது. பணியிற் சேர்ந்து ஈராண்டு ஆன நான் மாறாக எழுதினால், சொல்லைப் பற்றி எழுதியதாகவா படும்?” என்றார்.

அவ்வம்மையார் கூறியது முற்றும் மெய்யே. அவ்வாங்கிலச் சொல் மின்னியலில் வேரூன்றிய பின்னரே மாந்தர் கருத்தைக் குறிக்க வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த அரால்டு பிளாக்கு என்பார், வெளிவரும் மின்குறிகையின் ஒரு பகுதியை மாறுமுகமாகத் திருப்பி ஊட்டித் தொலைபேசிப் பெருக்கியின் பிறழ்ச்சியைக் குறைக்கும் முறையை 1927ஆம் ஆண்டிற் கண்டார். அவ்விடத்திற் பின்னூட்டம் என்பது பொருளோடு பொருந்திய செஞ்சொல். ஆங்கிலேயர் தம் சொல்லை ஒப்புமை பற்றி வேறிடத்திற்குக் கொண்டுசென்றனர். அவர் சென்ற வழியே நாமும் கண்ணை மூடிச் செல்ல வேண்டுமென்னும் கட்டாயம் யாது? கருத்துரைக்குக் கருத்துரை என்றே பெயரிருக்க, அதனை ஊட்டம் என்பானேன்? இது தமிழாசிரியனாகிய எனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்பீர். சொல்லமைப்பு உறுத்தியது மெய். எனினும் மின்பெருக்கியின் உள்ளியக்கம் அறிந்தவர் அவர் ஒருவரே. பன்னிருவரைக் கூட்டியதன் பயனே அவ்வொருவர் அறிந்ததைப் பெறுவதன்றோ? ஒன்பது என்னும் எண் நமக்குத் தந்தது யாது? ஒருவர் கருத்தையும் எண்மர் தலையசைப்பையும் கூட்டி ஒன்பது கருத்தென்று காட்டிற்று.

அவ்வெண்மரை நாம் குறைகூறவில்லை. மாந்த இயல்பு அத்தகையது. சாலமன் ஆசு என்னும் உளவியலறிஞர் அமெரிக்கக் கல்லூரி மாணாக்கரிடைச் செய்த ஆய்வொன்றை 1951ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு கோட்டைக் காட்டி, அதனோடு ஒத்த நீளமுடையது வேறு மூன்று கோடுகளுள் எது என்று வினவினார். சிறுபிள்ளையும் கூறக்கூடிய விடை. ஆனால், அறையில் இருந்தோருள் ஒருவனைத் தவிர ஏனையோர் அனைவரும் அவரால் முன்னரே அமர்த்தப்பட்டவர். அவர்கள் வேண்டுமென்றே ஒருமித்துத் தவறான கோட்டைக் கூறினர். இறுதியில் வாய்திறக்க வேண்டிய அவ்வொருவன் என் செய்வான்? அத்தகைய முறைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு சேர்ந்து பிழைபட்டன. நால்வருள் மூவர் ஒருமுறையேனும் தம் கண்கண்டதை விட்டுக் கூட்டத்தார் சொன்னதைச் சொன்னார்கள். விடையை வாயாற் கூறவிடாது தனியே தாளில் எழுதச் செய்தபோது இப்பிழை பெரிதும் குறைந்தது. உண்மையைக் கூறும் துணைவன் ஒருவன் அறையில் இருந்தாலும் குறைந்தது. கோட்டின் நீளத்திற்கே இவ்வளவு என்றால், மேலவர் ஒருவர் முன்னரே விரலுயர்த்திவிட்ட கலைச்சொல்லுக்கு எவ்வளவு இருக்கும்!

அஃது அறைக்குள் நிகழ்ந்தது, முகம் பார்த்துக் கூறியது, திரையில் அவ்வாறு நேராது என்பார் உளர். 2013ஆம் ஆண்டில் ‘சயன்சு’ இதழில் வெளிவந்த ஆய்வொன்று இதற்கு விடை கூறும். இணையச் செய்தித்தளம் ஒன்றில் படிப்போர் எழுதிய நூறாயிரத்திற்கும் மேற்பட்ட கருத்துரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுட் சிலவற்றுக்கு மட்டும், தகுதி பாராது, தொடக்கத்திலேயே ஓர் ஒப்புக்குறியை ஆய்வாளரே இட்டனர். ஒரே ஒரு குறி! அக்குறி பெற்றவை, பெறாதவற்றினும் சராசரி 25 விழுக்காடு உயர்ந்த மதிப்பை இறுதியில் எய்தின. முகமறியாதார் இட்ட ஒரு குறிக்கே இத்துணை ஆற்றலெனின், நாளும் காணும் தலைவர் பெயரோடு நிற்கும் குறியைப் பற்றிச் சொல்ல வேண்டா.

கூட்டத்தின் அறிவு பொய்யென்று இதனாற் கொள்ளற்க. 1906ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளைமவுத்து நகரத்து மாட்டுக்காட்சியில் ஒரு போட்டி நடந்தது. கொழுத்த காளை ஒன்றனை வெட்டித் துப்புரவு செய்தால் இறைச்சி எத்துணை நிறை நிற்குமெனப் பார்ப்போர் சீட்டில் எழுதித் தரவேண்டும். கால்டன் என்னும் அறிஞர் அச்சீட்டுகளைப் பெற்றுப் படிக்கத்தக்க 787 சீட்டுகளை வரிசைப்படுத்தினார். நடுவில் நின்ற மதிப்பு 1207 இராத்தல். அவர் தந்த கணக்கின்படி மெய்யான நிறை 1198 இராத்தல். ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த வேறுபாடு! இவ்வருஞ்செயலைக் கூட்டத்தின் திறத்துக்குச் சான்றாகப் பலரும் எடுத்தோதுவர். ஆனால், அம்மாந்தர் ஒவ்வொருவரும் தம் சீட்டில் தாமே எழுதினர் என்பதை ஓதுவோர் மறந்துவிடுகின்றனர். முதற்சீட்டை ஊர்ப் பெருங்கிழார் எழுதிக் கரும்பலகையில் ஒட்டிவைத்து, ‘இனி நீவிர் எழுதுக’ என்றிருந்தால் 787 சீட்டுகளும் எங்கே போய் நின்றிருக்கும்?

நம் முன்னோர் இம்மறைப்பின் அருமையை அறிந்திருந்தனர். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தக சோழன் காலத்தன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தன. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலைத்து, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். இதனை வாக்கெடுப்பு என்று மேடைதோறும் முழங்குகின்றனர். அது வாக்கெடுப்பன்று, திருவுளச்சீட்டு. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்ல வேண்டா. உள்ள பெருமையே போதும். எடுக்கும் கைக்கு எப்பெயர் வரும் என்பது தெரியாதவாறு குடத்தின் வாய் அமைந்திருந்ததே, அதுவே நாம் இங்கு எண்ணத்தக்கது. நம் ஆவணத்தில் குடம் கண்ணாடியாக இருக்கிறது.

எனவே செய்யத்தக்கது யாது? கருவியை எறிந்துவிடுதல் தீர்வாகாது. வரிசையை மாற்றினாற் போதும். எம் குழு இரண்டாம் பதிப்புக்கென மீண்டும் கூடியபோது, ஒப்புக்குறிகளை ஆவணத்தினின்று நீக்கினோம். ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப்படிவம் ஒன்று விடுத்தோம். கூகுள் படிவத்தில், விடையளிப்போர்க்குப் பிறர் விடைத்தொகுப்பைக் காட்டும் ஏந்து நாமாக இயக்கினாலன்றி இயங்காது. அதனை இயக்காமலே விட்டோம். எச்சொல் என்று தேர்ந்தபின், ஏன் என்று ஒருவரியேனும் எழுதாமல் படிவம் செல்லாதவாறு அமைத்தோம். எல்லார் விடையும் வந்தபிறகே, கரணியங்களை மட்டும், எழுதியவர் பெயரின்றிப் பொது ஆவணத்தில் ஒட்டினோம். இளையோர் முதலிலும் தலைவர் இறுதியிலும் உரையாடுவதென்று வகுத்தோம். தலைவரே இதற்கு முதலில் இசைந்தார் என்பதை இங்குக் கூறியாக வேண்டும், தம் விரல் எண்மரை இழுத்துச் சென்றதை அவர் அறிந்திருக்கவில்லை, அறிந்தபோது வருந்தினார்.

விளைவு யாது? முதன்முறை ஒருமித்த ஒப்புப் பெற்றிருந்த சொற்களுள் ஏழு, இம்முறை இரண்டாகப் பிளந்தன. அவற்றுள் நான்கனை நெடிய உரையாடலின்பின் மாற்றினோம்; மூன்று முன்னிருந்தவாறே நின்றன. அம்மூன்றும் இப்பொழுது கரணியத்தோடு நிற்கின்றன. நாளை ஒருவர் ‘இச்சொல்லை ஏன் கொண்டீர்?’ என வினவினால் காட்டுதற்கு நம்மிடம் எழுத்து உண்டு. ஒன்பது விரலைக் காட்டி எவர்க்கு விடை கூறவியலும்?

பெயரை மறைப்பதிலும் ஓர் இடர் உண்டு. இணைப்பைப் பெற்றார் எவரும் திறக்கலாம் என விடுத்த கூகுள் ஆவணத்திற் பெயர்பதியாது நுழைவோரை அக்கருவி பெயரிலா விலங்குகளாகக் காட்டும். நம் தாளின் தலைப்பில் திடுமென விலங்குகள் சில வந்து அமர்ந்திருக்கும்! வேடிக்கையாக இருப்பினும், பெயரிலார் பேச்சிற் பொறுப்பும் இருப்பதில்லை. ஆகவே மறைப்பு முதற்சுற்றுக்கு மட்டுமே உரியது. கரணியங்கள் வெளிப்பட்டு உரையாடல் தொடங்கியபின், அவரவர் தம் பெயரோடு தம் சொல்லுக்கு நிற்றலே முறை. திருக்குறளில் அவையறிதலை அடுத்து அவையஞ்சாமை என்னும் அதிகாரம் வைக்கப்பட்டிருப்பதை மாணாக்கர்க்கு நாளும் கற்பிக்கிறோம். அஞ்சாமையை இளையோரிடம் எதிர்பார்க்கும் மூத்தோர், அஞ்ச வேண்டாத அவையை முதலில் அமைத்துத் தருதல் வேண்டாவோ?

தமிழ் விக்கிப்பீடியாவைப் பார்க்க. 2003ஆம் ஆண்டிற் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தில் பொது உரையாடல் நிகழும் பக்கத்திற்கு ஆலமரத்தடி என்றே பெயரிட்டுள்ளனர். அங்கும் ‘விருப்பம்’ என்னும் விரற்குறி உண்டு. ஆனால், கட்டுரை ஒவ்வொன்றுக்கும் உரையாடற்பக்கம் ஒன்று உடனிருக்கிறது. தலைப்பை ஏன் மாற்றினர், எச்சொல்லை ஏன் தள்ளினர் என்பனவற்றைப் பல்லாண்டுகளுக்குப் பின்னும் புதியவர் ஒருவர் அங்கே படித்தறியலாம். வாக்கெடுப்பு உரையாடலுக்கு மாற்றாகாது என்பதை ஆங்கில விக்கிப்பீடியர் எழுதிவைத்துள்ளனர். ஒருவரையொருவர் நேரிற் காணாதார் பல்லாயிரவர் கூடி எழுதும் இடத்தில் இயன்றது, ஒரே வட்டாரத்துப் பன்னிருவர்க்கு இயலாதோ?

நாள் கூடுமே என்பர். கூடும், மறுக்கவில்லை. எம் குழுவுக்கு ஒரு சொல்லடைவு முடிய முன்னினும் மூன்று கிழமை மிகுதியாயிற்று. ஆயின், அச்சேறிய நூலில் ஒரு பிழைச்சொல்லைப் படித்த மாணாக்கன் அதனைத் தேர்விலும் எழுதி, தன் தம்பிக்கும் கற்பித்துவிடுவான். அதனைப் பின்னர் மாற்ற எத்துணைக் கிழமை ஆகும்? கரணியம் எழுதச் சொன்னால் பலர் விடையே தாரார் என்பது மற்றொரு தடை. அதுவும் மெய்யே, பன்னிருவருள் நால்வர் சில சொற்களுக்கு ஒன்றும் எழுதவில்லை. அவர்கட்கு அச்சொற்களைப் பற்றிக் கருத்தில்லை என்று கொண்டோம். கருத்தில்லை என்பதும் ஒரு செய்தியே, அதில் இழிவில்லை. வேதியியற் சொல்லுக்கு வரலாற்றாசிரியர் விரலுயர்த்தாமையால் வேதியியலுக்கு ஊறு நேர்ந்துவிடாது. எழுதாமையை இசைவு என்று கணக்கிடுவதே பெருந்தவறு. ‘மறுப்பு எதுவும் வாராமையின் ஒருமனதாக நிறைவேறிற்று’ என்று முடியும் அறிக்கைகளை எத்துணை ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம்!

இரண்டாம் பதிப்பின் கையெழுத்துப்படி அணியமாகிவிட்டது. மின்னியற் பகுதியிற் பின்னூட்டமும், ஏனைய இடங்களிற் கருத்துரையும் இடம்பெறுகின்றன. அச்சுக்கு முன் காண விழையும் வட்டாரத்து ஆசிரியர்க்கென ஆவணத்தை இத்திங்கள் இறுதிவரை திறந்துவைத்துள்ளோம். ஓரக்குறிப்பு எழுதலாம், ஒப்புக்குறி இடும் ஏந்தை அதில் வைக்கவில்லை.